கேட்டது ஒன்று, பதில் வேறொன்று

காரைக்குடிப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. பங்குனி உத்திரத்துக்குக் குன்றக்குடி முருகன் மலைக்குக் காவடியோ பால்குடமோ எடுக்காத வீடு அங்கே அரிது. அதே ஊரில் கடைத்தெரு முனையில் சைக்கிள் கடை வைத்திருந்தவர் திராவிடர் கழகத்துக்காரர். பங்குனியானாலும் மார்கழியானாலும் கருப்புச் சட்டைதான். கடை பெஞ்சில் 'விடுதலை' பேப்பர் கிடக்கும். பஞ்சர் ஒட்டும் நேரத்தில் வாசித்துக்கொண்டிருந்தால் அவர் ஒன்றும் சொல்ல மாட்டார். வாசித்துவிட்டு ஏதாவது கேட்டால் வேலையை நிறுத்திவிட்டுப் பேசுவார். எழுபதுகளின் தொடக்கம். நான் உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் காரைக்குடியில் கழகத்தாரின் மூடநம்பிக்கை ஒழிப்பு ஊர்வலம். எங்கள் ஊர் ஆட்கள் பலர் வேடிக்கை பார்க்கப் போனோம். முதுகில் கொக்கி மாட்டி, அதில் கயிறு கட்டி, ஒருவர் காரை இழுத்துக்கொண்டு வந்தார். இழுத்தவர் எங்கள் சைக்கிள் கடைக்காரர். குன்றக்குடி அடிவாரத்தில் 'அரோகரா' என்ற முழக்கத்தோடு வருடா வருடம் நாங்கள் பார்த்த அதே கொக்கி, அதே முதுகு இழுபடும் விதம். கூடவே வந்தவர்கள் போட்ட முழக்கம் மட்டும் கடவுள் இல்லை என்பது. கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. என் பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அன்று ராத்திரி எங்கள் திண்ணையில் பேச்சு வேறு எதைப் பற்றியும் இல்லை. ஏதோ மருந்து தடவியிருப்பான் என்றார் ஒருவர். முருகன் பேரைச் சொன்னவனுக்கு வலிக்காது, இவனுக்கு வலித்திருக்கும், வெளியே காட்டவில்லை என்றார் இன்னொருவர். வருகிற மாசிக்குள் காளி கூலி கொடுப்பாள் என்று ஐயா சொன்னார். அப்பத்தா வாசற்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தது. அப்பா சின்னப் பிள்ளையாக இருந்தபோது அம்மை போட்டுப் பிழைத்ததற்காக, முடியாத வயசிலும் பால்குடம் தூக்கி நடந்த மனுஷி.

"வலிக்காமயா இருக்கும்? எல்லாருக்குந்தான் வலிக்கும்" என்றது அப்பத்தா. "நாங்க என்ன வலிக்காதுன்னா சொன்னோம்? எம்பிள்ளை பிழைச்சா நடந்து வாரேன்னு வாக்குக் குடுத்தேன். குடுத்த வாக்குக்கு நடந்தேன். அந்தப் புள்ள வேற எதுக்கோ இழுக்குது. அதுக்குப் போயி ஏன்டா இம்புட்டுப் பேச்சு?"

இத்தனை வருடத்தில், ஒரு நாத்திகச் செயலுக்கு விசுவாசி ஒருவர் சொன்ன பதில்களில் அதைவிடத் தெளிவான ஒன்றை நான் கேட்டதில்லை. கழகத்தாரின் சோதனை நேர்மையானது. கொக்கி குத்தினால் சாகாமல் இருப்பதற்குத் தெய்வம் தேவையில்லை என்று அவர்கள் தங்கள் முதுகைக் கொடுத்தே காட்டினார்கள். அலகு குத்துவதை அற்புதம் என்று சொல்லிவந்தவர்கள் அன்று தோற்றார்கள், தோற்க வேண்டியதுதான். அப்பத்தா அந்தப் பந்தயத்தில் எதையும் வைக்கவில்லை. ஒரு தாய் தான் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினாள். அதைச் சோதித்துப் பார்க்க எந்த ஊர்வலத்தாலும் ஆகாது. ஆனால் அதைப் புரிந்து பேசியவர்கள் எங்கள் பக்கத்தில் குறைவு.

கோடைக்காலத்தில் கோயில் மண்டபங்களில் கதாகாலட்சேபம் நடக்கும். வந்தவர்கள் எல்லாரும் கழகத்துக்கு ஒரு பதில் வைத்திருந்தார்கள். கம்பிக்குள் ஓடும் மின்சாரம் கண்ணுக்குத் தெரிகிறதா? காற்று தெரிகிறதா? தெரியாததால் இல்லையென்று ஆகுமா? கூட்டம் கை தட்டும். நானும் தட்டியிருக்கிறேன். மறுநாள் அதைச் சைக்கிள் கடையில் போய் ஒப்பித்தால், அவர் ஒரே கேள்வி கேட்பார்: "சரி தம்பி, மின்சாரம் மாதிரி எல்லா இடத்திலயும் இருக்கிற சாமிய, கீழத்தெருக்காரன் மட்டும் ஏன் வெளிய நின்னு கும்பிடணும்?"

எனக்கு வாயடைத்துப் போகும். நான் கொண்டுபோன பதில் அவர் கேட்ட கேள்விக்கானது அல்ல. பெரியாரின் நாத்திகத்தை ஐரோப்பிய நாத்திகத்தின் பிரதி என்று எண்ணிப் பதில் சொன்னவர்கள் எல்லாரும் இப்படித்தான் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். வைக்கத்தில் 1924-இல் அவர் போய் நின்றது, கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் மனிதன் நடக்கலாமா கூடாதா என்ற வழக்குக்காக. 1925-இல் 'குடி அரசு' தொடங்கியபோதும், 1953-இல் பிள்ளையார் பொம்மைகளை உடைத்தபோதும், 1973 டிசம்பரில் இறப்பதற்குச் சில நாள் முன்பு சென்னைத் தியாகராயநகரில் கடைசியாகப் பேசியபோதும் அவரிடம் கேள்வி ஒன்றுதான்: என்னை இழிவானவன் என்று சொல்லும் ஏற்பாட்டை நான் ஏன் புனிதம் என்று ஒப்ப வேண்டும்? கடவுளை அவர் மறுத்தது அந்தக் கேள்வியின் வழியாகத்தான். நாங்களோ கடவுள் உண்டு என்று நிரூபிப்பதிலேயே குரல் வற்றிப்போனோம்.

1971 ஜனவரியில் சேலத்தில் மூடநம்பிக்கை ஒழிப்பு மாநாடு நடந்தது. அங்கே ராமர் படம் அவமதிக்கப்பட்டதாகச் செய்தி வந்ததும் ஊரே கொதித்தது. சில வாரங்களில் சட்டமன்றத் தேர்தல். அந்தப் படத்தை முன்வைத்தே திராவிட முன்னேற்றக் கழகத்துக்கு எதிராகப் பிரசாரம் நடந்தது. முடிவு வந்தபோது அந்தக் கட்சிக்கு 234-இல் 184 இடங்கள். ஐயா இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. சாமி கும்பிடுகிற ஜனங்களே சாமியைக் கைவிட்டுவிட்டார்கள் என்று அவர் நினைத்தார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அதே ஜனங்கள் அந்தப் பங்குனிக்கும் மலையேறினார்கள். பக்தியை ஒரு கட்சியிடம் ஒப்படைக்க வேண்டும் என்று அவர்கள் நினைக்கவில்லை, அவ்வளவுதான். மனம் புண்பட்டதைச் சொல்வது பதில் ஆகாது. புண்பட்டது உண்மையாகவே இருந்தாலும் ஆகாது.

எங்கள் பக்கத்தில் ஒருவர் கேள்வியைச் சரியாகக் காதில் வாங்கினார். குன்றக்குடி அடிகளார். 1925-இல் பிறந்து, இருபத்தேழாவது வயதை ஒட்டி 1952-இல் குன்றக்குடித் திருவண்ணாமலை ஆதீனத்தின் தலைமைக்கு வந்தவர். காவி கட்டிய மடாதிபதி கழகத்தாரோடு ஒரே மேடையில் உட்காருவதா என்று அவர்மேல் வருத்தப்பட்டவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. பெரியார் குன்றக்குடி மடத்துக்கு வந்தபோது கொடுத்த திருநீற்றை மறுக்காமல் ஏற்றுக்கொண்டார் என்று எங்கள் பக்கத்தில் இன்றும் சொல்வார்கள். சைக்கிள் கடைக்காரரிடம் அதைப்பற்றிக் கேட்டேன். "மரியாதைக்கு மரியாதை. அதுல சாமி எங்க வந்துச்சு?" என்றார். அந்த வயதில் அது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. பெரியார் மனம் மாறிவிட்டார் என்று கேட்க ஆசைப்பட்டிருந்தேன்.

அடிகளாரை நான் மேடைகளில் கேட்டிருக்கிறேன். பட்டிமன்றத்தில் நடுவராக உட்கார்ந்தால் எதிர்க்கட்சி சொன்னதைச் சொன்னவரைவிடத் தெளிவாக எடுத்துச் சொல்லிவிட்டுத்தான் தீர்ப்புக்கு வருவார். கோயிலில் தமிழில் அருச்சனை வேண்டும் என்றார். விதியின்மேல் பழியைப் போட்டுவிட்டு உட்காராதே என்பது அவர் எழுத்தில் திரும்பத் திரும்ப வருவது. 1977-இல் குன்றக்குடியில் கிராமத் திட்டம் தொடங்கினார். காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகத்து விஞ்ஞானிகளைக் கூட்டிவந்து, இந்த ஊரில் என்ன தொழில் செய்யலாம், எந்த மண்ணில் என்ன விளையும் என்று மடத்திலே உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். மலையில் கார்த்திகை பூஜை நடக்கும். கீழே சிறுதொழில் கூடத்தில் பெண்கள் வேலை பார்ப்பார்கள். எங்கள் உறவுக்காரப் பெண் ஒருத்தி அங்கேதான் முதன்முதலில் தன் பெயரில் சம்பளம் வாங்கினாள்.

இது நாத்திகத்துக்கு மறுப்பா என்று கேட்டால், தர்க்கப்படி இல்லை. கடவுள் இருப்பது இதனால் நிரூபணமாகவில்லை. மதம் மனிதனைச் சோம்பேறியாக்குகிறது, அடிமையாக்குகிறது என்ற குற்றச்சாட்டுக்கு மட்டும் இது பதில். குற்றச்சாட்டு எங்கே வைக்கப்பட்டதோ அங்கேயே சொல்லப்பட்ட பதில். அடிகளார் செய்தது போதவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு மடம், ஓர் ஊர், ஒருவருடைய ஆயுள். 1995-இல் அவர் மறைந்தபோது அதே சிவகங்கைச் சீமையில் தேர்வடத்தை யார் தொடலாம் என்ற கேள்வி அப்படியே இருந்தது.

வேலைக்காகத் திருச்சியில் இருந்த வருடங்களில் கத்தோலிக்கப் பாதிரியார் ஒருவர் பழக்கமானார். தத்துவம் படித்தவர், மாலை நடைக்குக் கூட்டாளி. பெரியார் சிலையைத் தாண்டிப் போகும்போதெல்லாம் பேச்சு அங்கே போய்விடும். ஒருநாள் அவர் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 டிசம்பர் 7-இல் வெளியிட்ட ஏட்டைப் பற்றிச் சொன்னார். இன்றைய உலகில் திருச்சபையின் இடம் பற்றியது. அதில் நாத்திகம் குறித்து ஒரு பகுதி உண்டு. நாத்திகம் வளர்ந்ததில் விசுவாசிகளுக்கும் சிறிதல்லாத பங்கு இருக்கிறது என்று அதில் சபையே எழுதியிருக்கிறது: விசுவாசத்தைப் பிழையாக எடுத்துச் சொல்வதாலும், தங்கள் வாழ்க்கையின் குறைகளாலும் அவர்களே கடவுளின் முகத்தைக் காட்டாமல் மறைத்துவிடுகிறார்கள் என்று.

நான் அந்தப் பகுதியை அவரிடம் வாங்கிப் படித்தேன். உலகத்துப் பெரிய மத நிறுவனம் ஒன்று, தன்னை மறுப்பவனைத் திட்டுவதற்கு முன்பு தன் பங்கை எழுதிவைத்திருக்கிறது. எங்கள் ஆதீனங்கள் எல்லாம் கூடி அப்படி ஒரு பக்கம் எழுதியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று அன்று ஏங்கினேன், இன்றும் ஏங்குகிறேன்.

அக்கா மகன் பெங்களூரில் மென்பொருள் வேலையில் சேர்ந்த பிறகு, ஒரு தீபாவளிக்கு வந்தவன் என் கையில் ரிச்சர்ட் டாக்கின்ஸின் 'தி காட் டெலூஷன்' புத்தகத்தைக் கொடுத்தான். 2006-இல் வந்தது. அதற்கு முன்னும் பின்னுமாகச் சாம் ஹாரிஸ், டேனியல் டெனட், கிறிஸ்டோபர் ஹிச்சன்ஸ் எழுதியவையும் அவனிடம் இருந்தன. நியூயார்க்கில் 2001 செப்டம்பர் 11-இல் நடந்ததற்குப் பிறகு எழுந்த கோபம் அவற்றில் அடியோட்டமாக ஓடியது. "படிச்சிட்டுச் சொல்லுங்க மாமா. சண்டைக்குத் தரலை" என்றான்.

படித்தபோது எனக்கு ஒன்று புரிந்தது. இந்தக் கேள்வி எங்கள் ஊர்க் கேள்வி அல்ல. கோயிலுக்குள் யார் என்று டாக்கின்ஸ் கேட்கவில்லை. நீ சொல்வது உண்மையா, ஆதாரம் என்ன, ஆதாரம் இல்லாமல் ஏன் நம்புகிறாய் என்று கேட்கிறார். ஊர் நிறைய நல்லது செய்துவிட்டுக் 'கடவுள் உண்டா' என்ற அந்தக் கேள்விக்கு வாய் திறக்காமல் இருந்தால், அதுவும் வேறொரு வீட்டுக் கதவைத் தட்டுவதுதான். குன்றக்குடியில் கிடைத்த பதில் இங்கே செல்லாது.

மேற்கில் என்ன சொன்னார்கள் என்று தேடினேன். ஆக்ஸ்ஃபோர்டில் உயிர் இயற்பியலில் ஆய்வு செய்து, நாத்திகராக இருந்து கிறிஸ்தவரான அலிஸ்டர் மெக்ராத் 2007-இல் நேரடி மறுப்பு எழுதினார். விமர்சகர் டெரி ஈகிள்டன், டாக்கின்ஸுக்கு இறையியலே தெரியாது, உலகத்துப் பொருள்களோடு இன்னொரு பெரிய பொருளாகக் கடவுளை நினைத்துக்கொண்டு மறுக்கிறார் என்றார். அறிஞர்கள் போற்றும் கடவுள் அப்படிப்பட்டவர் அல்ல என்பது சரிதான். ஆனால் எனக்கு அது முழுப் பதிலாகத் தோன்றவில்லை. கோயிலில் என்னோடு வரிசையில் நிற்பவர்களில் பெரும்பாலோர் வணங்குவது டாக்கின்ஸ் வருணிக்கும் கடவுளைத்தான்: பரீட்சையில் தேர்ச்சி கொடுப்பவர், எதிரியைத் தண்டிப்பவர். நாலு பேருக்கு மட்டும் தெரிந்த இறையியலைக் காட்டி நாலு கோடிப் பேரின் நம்பிக்கைக்கு வக்காலத்து வாங்க முடியாது. அந்த இறையியல் உண்மை என்றால் அதைப் பிரகாரத்தில் நிற்பவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டாமா?

நம் பக்கத்தில் கிளம்பிய பதில்தான் என்னை அதிகம் வருத்தியது. கோபுரக் கலசம் இடிதாங்கி, மெட்டி கருப்பைக்கு நல்லது, கோயில் மணியோசை மூளைக்கு நல்லது, நம் முன்னோர் விஞ்ஞானிகள் என்று வாட்ஸ்அப்பில் நாள்தோறும் வருகிறதே, அதைச் சொல்கிறேன். இதை அனுப்புகிறவர்கள் சமயத்தைக் காப்பாற்றுவதாக நினைக்கிறார்கள். விஞ்ஞானம் ஒப்பினால்தான் திருநீற்றுக்கு மதிப்பு என்று ஒப்புக்கொண்டாயிற்று. அந்தத் தராசிலாவது சரியாக நிறுத்தார்களா என்றால் அதிலும் இல்லாத எடையைச் சேர்க்கிறார்கள். நம்பிக்கையும் போயிற்று, நாணயமும் போயிற்று. அப்பத்தா பால்குடம் தூக்கியது கழுத்தெலும்புக்கு நல்லது என்று யாராவது சொல்லியிருந்தால் அந்த மனுஷி எவ்வளவு அவமானப்பட்டிருக்கும்!

இதற்கெல்லாம் வேறு மாதிரிப் பேசத் தெரிந்த மரபு நம்முடையது. மணிமேகலையில் சமயக் கணக்கர்களிடம் மணிமேகலை திறம் கேட்கும் காதையை அக்கா மகனுக்குப் போனில் வாசித்துக் காட்டினேன். அதில் ஒரு பூதவாதி வருகிறான். தாதகிப் பூவும் வெல்லமும் இன்ன பிறவும் கூடினால் களிப்பு பிறப்பதுபோல, பூதங்கள் கூடும்போது உணர்வு பிறக்கிறது, பிரியும்போது போய்விடுகிறது என்கிறான். அக்கா மகன் அந்தப் பக்கம் வியந்துபோய், "இது இன்னைக்கு மூளை விஞ்ஞானம் பேசுறவங்க சொல்றதுதானே மாமா?" என்றான். கண்ணால் கண்டதே சான்று என்கிற அவனிடம் மணிமேகலை, உன் தாய் தந்தையை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிந்தாய் என்று கேட்கிறாள். நல்ல கேள்வி. ஆனால் டி.என்.ஏ. பரிசோதனை இருக்கிறதே என்றான் இவன். அதுவும் அனுமானம்தான், கண்ணுக்குத் தெரிந்த கோடுகளிலிருந்து தெரியாத உறவுக்குப் போகிறோம் என்றேன். அப்படியென்றால் அனுமானத்தை விஞ்ஞானமும் ஏற்கிறது, உங்கள் வாதம் எனக்கு எதிரானது அல்ல என்றான். அதுவும் நல்ல பதில். ஒரு மணி நேரம் போனது தெரியவில்லை.

பிறகு சிவஞான சித்தியாரின் பரபக்கத்தை எடுத்தோம். அருணந்தி சிவாசாரியார் பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுதியது. அதில் முதலில் நிற்பவன் உலகாயதன். அவன் கொள்கை முழுவதையும் அவன் வாயாலேயே பேசவிட்டு, அதற்குப் பிறகுதான் மறுதலை வருகிறது. வேதத்தையும் தவத்தையும் அவன் கேலி செய்வதைக்கூட ஆசிரியர் குறைக்கவில்லை. சைவத்தின் மூல நூல்களில் ஒன்றுக்குள், சைவத்தை மறுப்பவனுக்கு முழுக் குரல் கிடைத்திருக்கிறது. கதாகாலட்சேப மண்டபங்களில் இதை எனக்கு யாரும் சொல்லவில்லையே என்று ஆதங்கமாக இருந்தது.

எல்லாவற்றுக்கும் பரபக்கம் பதில் வைத்திருக்கிறது என்று சொல்ல மாட்டேன். எங்கள் தெருவில் ஒரு குழந்தை ரத்தப் புற்றுநோயில் போனது. துக்கத்துக்கு வந்த உறவுக்காரர் ஒருவர் அந்தத் தாயிடம் "முன்வினைம்மா, யார் என்ன செய்ய முடியும்" என்றார். அக்கா மகன் எழுந்து வெளியே போய்விட்டான். நானும் போனேன். வினைக் கொள்கை சித்தாந்தத்தின் தூண்களில் ஒன்று. அதை எனக்குக் கற்பித்தவர்கள் பெரியவர்கள். ஆனாலும் பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் அதைச் சொல்ல என் நாக்கு எழாது. அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாத ஒன்றை அக்கா மகனிடம் விவாதத்தில் வெல்வதற்காக எடுத்து வீசவும் எனக்கு மனம் இல்லை. அந்த இடத்தில் நாத்திகன் பக்கம்தான் கூடுதல் கருணை இருந்தது. நம்புகிறவனாக நான் இதை எழுதுகிறேன். தினமும் காலையில் திருநீறு பூசிக்கொள்கிறவன்.

தேவகோட்டைக்குப் பக்கத்தில் கண்டதேவி. அங்கே சொர்ணமூர்த்தீஸ்வரர் கோயில் தேர்வடத்தைப் பிடிக்கத் தலித் மக்களுக்கும் உரிமை உண்டு என்ற கோரிக்கையால் 1998-இல் தகராறு மூண்டது. வழக்குகள், சமாதானக் கூட்டங்கள், தேரே ஓடாத வருடங்கள். 2024 ஜூனில்தான் நீதிமன்றத்தின் தலையீட்டோடும் பெரும் போலீஸ் காவலோடும் தேர் மறுபடி ஓடியது. அன்று சாயங்காலம் அக்கா மகன் பெங்களூரிலிருந்து கூப்பிட்டான்.

"தேர் ஓடிருச்சாமே மாமா?"

"ஓடிருச்சுப்பா."

"ஓட்டினது சாமியா, கோர்ட்டா?"

கோர்ட்தான் என்றேன். கும்பிடுகிறவர்கள் தாமாகவே செய்திருக்க வேண்டியதைக் கோர்ட் செய்யவைத்தது என்றேன். அப்போது பெரியார் கேட்டது சரிதானே என்றான். சரிதான், அவருக்கு நாங்கள் இன்னும் பதில் சொல்லி முடிக்கவில்லை, அதைச் சொல்ல வேண்டிய இடம் கண்டதேவியில் இருக்கிறது என்றேன்.

"நான் கேட்கிறதுக்கு?"

"நீ கேட்கிறதுக்கு ஞாயித்துக்கிழமை உட்காருவோம். பூதவாதிக்கு மணிமேகலை சொன்னது போதாதுன்னியே, அங்கேருந்து ஆரம்பிப்போம். உன் பக்கத்தை நீ எழுதி அனுப்பு. முழுசா எழுது, எனக்காகக் குறைக்காதே."